மறுகா வாங்க

உலகம் உண்டான நாள் தொடக்கம் இன்றுவரை துணி கிழித்தவர்களில் என் மச்சான் சீனிமுகம்மதுவைப் போல் நேராகக் கிழித்தவர் எவரும் இல்லை. கத்தரிக்கோலைக் கண்டுபிடித்தவன் மச்சானைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டு அதைக் கிணற்றில் எறிந்திருப்பான். கல்முனைக் கடலில் இரண்டரை யார் நீளம் கிழித்துத் தாருங்கள் என்று கேட்டால், ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுவையில் கிழித்து, மடித்து, கடுதாசி சுற்றி, "மறுகா வாங்க" என்று கையில் தந்துவிடுவார். மீன்களுக்குக் கிழிந்தது தெரிந்திருக்காது.

கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் நான் கூட்டவில்லை. மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் திரும்பவும், இன்னொரு தரம். வாங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும் அவர் அதைச் சொல்வார். ஒரு நாளைக்கு இருநூறு தரமாவது சொல்லியிருப்பார். வினை வந்தது அந்த வழியால்தான்.

கல்முனை பஸாரில் அப்துல் ஸமட் ஹாஜியாரின் புடவைக்கடையில் மச்சான் சேல்ஸ்மேன். பதினாலு வயதில் அந்தக் கடைக்குள் ஏறியவர். பிறகு என் ராத்தா முனவ்வறாவைக் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே நான் அவர் வீட்டில் இருக்கவில்லை, அவர்தான் என் வீட்டில் இருக்கிறார் என்பதை நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன். "ஓம் ஜவுபர், நாளைக்கு எழும்பிப் போகட்டா? உன்ட ராத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போறன், நீ சோறாக்கித் தின்" என்பார்.

நான் எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்து பார்த்து, ஒத்துவராமல் விட்டவன். எனக்கிருந்த ஒரே உத்தியோகம், ராத்தா கட்டித்தரும் சோற்றுக் கரியரைப் பகல் பன்னிரண்டரைக்குக் கடைக்குக் கொண்டுபோவது. மேல் தட்டில் ஒரு முட்டைப் பொரியல் இருக்கும். பள்ளிவாசல் மூலையில் நின்று அதில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை முழுமுட்டை மாதிரி சோற்றின் மேல் விரித்துவிடுவேன். அந்த வேலையில் என் கையும் நேர்தான்.

எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிடுவதற்கு முந்தி கடைத் தட்டுகளில் பாதி வெறுமையாம். சனம் வரிசையில் நின்று, இருந்ததை வாங்கிப் போகுமாம். அதற்குப் பிறகு கப்பல் கப்பலாகத் துணி வந்து இறங்கியது. ஜப்பான் சீலை, நைலக்ஸ், பொலியெஸ்டர், பூப்போட்டது, புள்ளி போட்டது. ஒரு பெண் ஒரு சீலை வாங்க முப்பது சீலை விரிக்க வேண்டும். முப்பதையும் திரும்ப மடிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு ஏறினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் இறக்கம். அத்தனை நேரமும் நிற்க வேண்டும், ஏனென்றால் ஹாஜியார் கடையில் சேல்ஸ்மேன் உட்கார்ந்து இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம். கடைக்குள் ஒரேயொரு ஸ்டூல். அது வாங்க வருகிறவர்களுக்கு.

கடை வாசலில் காரைதீவு அழகரெத்தினம் அண்ணன் தையல் மெசின் போட்டிருந்தார். மச்சான் கிழிப்பார், அவர் தைப்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சோம்பேறி என்று திட்டியபடி பதினொரு வருஷம் வேலை செய்தார்கள். எண்பத்தைந்து சித்திரையில் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் அவர்கள் தமிழ் ஊர்களுக்கும் நடுவில் நெருப்பு வந்த பிறகு அவர் வரவில்லை. மெசின் மட்டும் சாக்குப் போர்த்துக்கொண்டு வாசலில் நின்றது. காலையில் மச்சான் அந்தச் சாக்கைத் தூக்கி, தூசு தட்டி, திரும்பப் போர்த்துவார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து இரண்டு மணித்தியாலம் கடை பூட்டு. மச்சான் வீட்டுக்கு வந்து பாயில் விழுவார். விழுந்து கொஞ்ச நேரத்தில் கை எழும்பும். இல்லாத துணியை இல்லாத கோலில் அளக்கும். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற எங்கள் பெண்பிள்ளைக் குரலில் கேட்பேன்.

"காக்கா, இதுல நீலம் இரிக்கா?"

"இரிக்கி தங்கச்சி, மேல் தட்டுல" என்பார், கண்ணைத் திறக்காமல்.

"இது சாயம் போகுமா?"

"உங்கட பேத்தியும் உடுத்துவா."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வாசற்படியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடிவிடும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நாடகம். அந்த ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல நீலம் இருக்கா என்று கேட்டேன். மச்சானின் கை அந்தரத்தில் நின்றது.

"இல்ல" என்றார். "இனி வெள்ள மட்டுந்தான்."

பிள்ளைகள் சிரித்தன. ராத்தா சிரிக்கவில்லை. அடுத்த நாள் அவரை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்போதிக்கரி கண்ணைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, வீங்கிக் கிடந்த காலை விரலால் அமுக்கினார். அமுக்கின குழி மேலே வரவில்லை. "உனக்கு நோய் வருத்தமில்ல. களை. நிண்டு நிண்டு வந்த களைப்பு. கடையில குந்தி இருந்து வேலை செய்" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். ஹாஜியார் அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்தார். "இது நிண்டு விக்கிற யாவாரம், சீனி. இருந்து விக்கிறதெண்டா மீன் விக்கப் போகணும்" என்று மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். துண்டையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதே கிழமை, அந்த ஏழு நாளுக்குள்தான் மசூர் வந்தது.

புடவைக்கடை என்றால் கல்யாணச் சீலை மட்டும் இல்லை. உள்தட்டில், மற்றத் துணிகள் படாமல், ஒரு வெள்ளைக் கட்டு இருக்கும். அது கபன் துணி. மையித்தை, இறந்தவர் உடலைச் சுற்றுகிற துணி. அதை வாங்க வருகிறவரிடம் கதையில்லை. அவர் விலை கேட்கமாட்டார். ஆணா பெண்ணா என்று மட்டும் கடைக்காரர் கேட்பார், ஏனென்றால் ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. அளந்து, கிழித்து, கடுதாசி சுற்றாமல், இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். வாங்கினவரும் போய்ட்டு வாறன் என்று சொல்லாமல் இறங்கிப் போவார். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

நான் கரியரோடு படி ஏறும்போது உள்ளே மச்சானும் ஒரு ஆளும்தான். ஹாஜியார் லுஹர் தொழப் போயிருந்தார். அந்த ஆள் நிந்தவூர் மசூர். தோணிக்காரன், முப்பது வயதிருக்கும், இடுப்பில் கட்டின சாரனில் உப்புக் காய்ந்து கிடந்தது.

"ஆணா பெண்ணா?"

"வாப்பா" என்றான் மசூர்.

மச்சான் அளந்தார். கிழித்தார். மூன்று துண்டையும் மடித்தார். பழக்கத்தில் கை கடுதாசிக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பாதி வழியில் கையை நிறுத்திவிட்டார். வாயை நிறுத்த முடியவில்லை.

"மறுகா வாங்க" என்றார்.

மசூர் படியில் ஒரு கணம் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டான்.

மச்சான் மேசையில் கையூன்றிக்கொண்டு நின்றார். "நான் என்ன சொன்ன, ஜவுபர்?"

"ஒண்டுமில்ல."

"சொன்ன நான்."

"களையில வந்திரிக்கும். விடுங்க மச்சான். சோத்தத் தின்னுங்க."

அவர் தின்னவில்லை. மற்றப் பாதி முட்டையையும் நானே தின்றேன்.

ஆறாம் நாள் மசூர் மறுகா வந்தான். இந்தத் தரம் உம்மா. கிழவி, புருஷன் போன துக்கத்தில் பாயை விட்டு எழும்பவே இல்லையாம். மச்சான் ஐந்து துண்டு அளந்தார். முதல் துண்டு கோணலாகக் கிழிந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தரம். இரண்டாவதும் கோணல். ஹாஜியார் கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் வைத்தார்.

கதை எப்படி வெளியே போனதென்று நான் ஆராயப்போவதில்லை. பஸாரில் சுவருக்கும் காது, தூணுக்கும் வாய். இரண்டு நாளில் மீன்கடையில் தெரிந்தது, மூன்றாம் நாள் பக்கத்து ஊர் சாய்ந்தமருதில் தெரிந்தது. சீனிமுகம்மது யாரைப் பார்த்து மறுகா வாங்க என்கிறானோ அவர்கள் மறுகா வெள்ளை வாங்கத்தான் வருவார்களாம். வேறு காலமென்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கும் சனம். அது வேறு காலமில்லை. அந்த மாதங்களில் காலையில் போன ஆள் அந்திக்கு வந்து சேர்ந்தால் அதுவே பெரிய செய்தி. பயத்துக்கு ஒரு பெயரும் விலாசமும் கிடைத்தால் சனத்துக்கு எவ்வளவு வசதி. விலாசம் ஹாஜியார் கடை.

பெண்கள் மச்சானைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக் காதைப் பொத்தினார்கள். கல்யாணச் சாமான் வாங்க வந்த ஒரு குடும்பம் அவரைக் கண்டு படியோடு திரும்பியது. பக்கத்துத் தெரு ஆயிஷா உம்மா மட்டும் பழைய பழக்கத்தில் அவரிடமே வாங்கினார். வாங்கி முடிந்ததும் கையை நீட்டி, "வாயத் தொறக்காத மனே. நாளைக்கு மட்டக்களப்புக்குப் போக இரிக்கி, பஸ்ஸில" என்றுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து படி இறங்கினார்.

ஹாஜியார் ஒரு கிழமை பொறுத்தார். பிறகு மச்சானைக் கூப்பிட்டார்.

"சொல்லுல ஒண்டுமில்ல, சீனி. மௌத்தும் ஹயாத்தும், சாவும் வாழ்வும், அல்லாஹ்ட நாட்டம். அது எனக்குத் தெரியும். ஆனா யாவாரம் சனத்துட நாட்டம். எட்டுக்கு வா, பன்னெண்டுக்குப் போ. முன்னுக்கு வராத. பின்னறையில மடிக்கிற வேல பாரு."

"எத்தின நாளைக்கு ஹாஜியார்?"

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும். அதுக்குள்ள சனம் உன்னக் கேட்டு வந்து உன்ட கையால வாங்கினா முன்னுக்கு வா. இல்லாட்டி உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

பெருநாளுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கே அவர் வீட்டுக்கு வருவதால் கரியர் ஆணியில் தொங்கியது. என் உத்தியோகமும் அதோடு போனது. ராத்தாவுக்கு முதலில் சந்தோஷம். மனிசன் பகலில் வீட்டில் தின்கிறார், தின்றுவிட்டுத் தூங்குகிறார். கால் வீக்கம் வடிந்தது. தூக்கத்தில் கை எழும்புவது நின்றது. நான் நீலம் இருக்கா என்று கேட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. அது நல்லதென்றுதான் நினைத்தோம்.

பிறகுதான் கவனித்தோம், முழித்திருக்கும்போதும் பதில் வரவில்லை. சோறு வேணுமா என்றால் தலை ஆடும். காலையில் கடைக்குப் போகும்போது செருப்பு மாட்டுவார், வேலிக் கதவைத் திறப்பார், போய்விடுவார். எங்கள் வீட்டில் அடுத்த வீட்டு வளவுக்குப் போனாலும் போய்ட்டு வாறன் என்று சொல்லித்தான் போவோம். அவர் அதை விட்டுவிட்டார். நான்காம் நாள் ராத்தா வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போங்களன். போறவங்க திரும்பாத காலம் இது."

"அதுக்குத்தான் சொல்லல்ல, புள்ள" என்றார் மச்சான். "என்ட வாய் சரியில்ல."

அவள் கதவை விட்டாள். அவர் போனார். பன்னிரண்டு மணிவரைக்கும் அவள் அடுப்படிக்கும் வேலிக்கும் இடையில் நடந்தாள்.

ஒரு பின்னேரம் கடற்கரையில் அவர் தனியாக இருப்பதைக் கண்டு நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். தோணிகள் கவிழ்ந்து கிடந்தன. கடலில் ஒரு தோணியும் இல்லை, படையினர் போக விடவில்லை. தெற்கே வெகுதூரத்தில் ஒரு புகை நேராக எழும்பி, மேலே போய்க் கோணியது. எந்த ஊர் என்று இரண்டு பேரும் மனதுக்குள் கணக்குப் பார்த்தோம்.

"பத்தொன்பது வருஷம்" என்றார் மச்சான் திடீரென்று. "இந்தக் கடலப் பகலுல பாக்கவே இல்ல. கடையில இருந்து நாலு நூறு யார். நடந்தா அஞ்சு நிமிஷம்."

நான் சிப்பி பொறுக்கினேன்.

"நான் களைச்சுப்போன, ஜவுபர். களைச்ச எண்டு எனக்கே தெரியா. கால் நிண்டுது, கை கிழிச்சுது, வாய் சொல்லிச்சு. அண்டைக்கு மசூருக்கு முன்னால நான் இல்ல. அதுகள் மூணும்தான் கடையில நிண்ட."

"இப்ப களை போயிட்டுதானே."

"களை போயிட்டு. பயம் வந்திட்டு. அந்தச் சொல்லு இப்பவும் பல்லுக்குப் பின்னால நிக்கிது." கடலைப் பார்த்தபடி, "மசூரக் குத்தம் சொல்ல ஏலா. அவன்ட துக்கம், நாலு பேருக்கிட்டச் சொல்லியிருப்பான்" என்றார்.

நான் பொறுக்கின சிப்பிகளை ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்தேன். அன்றைக்கு ராத்தா எனக்குப் பொரித்த முட்டையை நான் தின்னவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

அடுத்த நாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு நிந்தவூருக்குப் போனேன். நிந்தவூருக்குப் போகக் காரைதீவைத் தாண்ட வேண்டும். முந்தி அது பத்து நிமிஷப் பாதை. இப்போது தெருவில் நாய்கூட ஓரமாகத்தான் நடந்தது. கண்கள் வேலி இடுக்குகளில் இருந்தன. பாதி ஊர் கடந்தபோது ஒரு வேலிப் படலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய் முட்டைக்கள்ளன்."

எனக்கு உயிர் போய் வந்தது. அழகரெத்தினம் அண்ணன். தாடி வளர்ந்து ஆளே மாறியிருந்தார்.

"உன்ர மச்சான்ர கால் எப்பிடி?"

"சொகம். இப்ப அரைநாள்தான் வேலை."

"எனக்கு முழுநாளும் லீவு. அப்ப அவன் என்னில பாதிச் சோம்பேறி எண்டு சொல்லு." பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "நிக்காத. கெதியாப் போ. திரும்பி வரக்குள்ள சுத்தாம இந்தப் பக்கத்தாலேயே வா, நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

மசூர் வளவில் வலை முடிந்துகொண்டிருந்தான். உள்ளே பச்சைப் பிள்ளை அழுதது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: சனம் காதைப் பொத்துவதை, அரைநாளை, பெருநாள் தவணையை, மச்சான் கதைக்காமல் போய்வருவதை. அவன் ஊசியை நிறுத்தாமல் கேட்டான்.

"நான் ஒருத்தரிட்டயும் சொல்லல்லயே தம்பி" என்றான் கடைசியில். "வாப்பாட மையித்த வெச்சிக்கிட்டு இதையா கதைப்பன்? உம்மாவும் மௌத்தான பொறகு எனக்கு அந்தச் சொல்லு ஞாபகமே இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். நான் வலையைப் பார்த்தேன். நல்ல வலை, நெருக்கமான கண்.

பெருநாளுக்கு முதல்நாள் காலை கடையில் சன நெரிசல். எனக்கு வேலையில்லாததால் வாசலில் மெசினில் சாய்ந்து நின்றேன். பதினொன்றரை இருக்கும், மசூர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே ஏறினான். அவனை அடையாளம் கண்ட இரண்டு பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"சீனிமுகம்மது காக்கா எங்க?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டான். "என்ட புள்ளைக்கு நாப்பதாம் நாள் வருது. சட்டைக்குத் துணி வேணும். அவருட கையாலதான் வேணும்."

பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தார். ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் கூரையைப் பார்த்தார். மச்சான் மஞ்சள் பூப்போட்ட மல் துணியில் ஒரு யார் அளந்து, ஓரத்தில் வெட்டி, இழுத்தார். கிழிசல் நூல் பிசகாமல் போனது. மடித்தார், கடுதாசி சுற்றினார், கொடுத்தார். வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

மசூர் போகவில்லை. "சொல்லுங்க காக்கா."

"என்னத்த?"

"போறவங்களுக்குச் சொல்றத."

மச்சான் தலையை ஆட்டினார். மாட்டேன் என்று.

அப்போதுதான் சத்தம் கேட்டது. வடக்கே, பஸாரின் அந்தக் கோடியில், கடைப் பலகைகள் விழுந்து பூட்டுகிற சத்தம். ஒரு கடை, அடுத்த கடை, அடுத்த கடை என்று எங்களை நோக்கி வந்தது. யாரோ "வாறாங்க" என்றார்கள். எங்கேயோ வெடிச்சத்தம். பெண்கள் சாமான்களைப் போட்டது போட்டபடி இறங்கி ஓடினார்கள். ஹாஜியார் பலகைக்குப் பாய்ந்தார். மசூர் பார்சலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் அப்படியே நின்றான்.

"போ மனே" என்றார் மச்சான். "காரைதீவு தாண்டணும் நீ. போ."

"சொல்லுங்க, போறன்."

பக்கத்துக் கடையின் பலகை விழுந்தது.

"மறுகா வாங்க" என்றார் மச்சான். குரல் உடைந்து, முதல் நாள் வேலைக்கு வந்த பையன் சொல்வது மாதிரி இருந்தது.

"இன்ஷா அல்லாஹ்" என்றான் மசூர். சைக்கிளில் ஏறித் தெற்கே போனான்.

இரண்டு நாள் ஊரடங்கு. பெருநாள் வீட்டுக்குள்ளேயே வந்து வீட்டுக்குள்ளேயே போனது. ராத்தா புதுச் சாரனை எடுத்து வைத்தாள், மச்சான் உடுத்தவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேலிக்கு வேலி கதை கடந்து வந்தது. காரைதீவுத் தெருவில் ஒரு சைக்கிள் கிடக்குதாம். ஆளைக் காணவில்லையாம். ராத்தா அதைச் சொன்னபோது நான் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய கை மட்டும் கண்ணில் பட்டது. கதிரைக் கையில் அளந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றோடு நின்று, திரும்ப ஒன்று. ஆணுக்கு மூன்று.

நான் பின்வளவுக்குப் போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் இருந்தேன். கண்ணில் தூசு.

மூன்றாம் நாள் காலை ஊரடங்கை எடுத்தார்கள். ஹாஜியார் இரண்டு பலகை மட்டும் திறந்தார். தெருவில் கண்ணாடித் துண்டுகள். மச்சான் வாசலில் சாக்கைத் தூக்கி மெசினில் தூசு தட்டினார். ஒன்பது, ஒன்பதரை, பத்து. ஒருவரும் வரவில்லை. பத்தேகாலுக்கு ஒரு ஆள் தெற்கிலிருந்து நடந்து வந்தான். சைக்கிள் இல்லை. சாரனில் சேறு. கையில் அதே கடுதாசிப் பார்சல்.

மசூர் படியேறி, மேசையில் பார்சலை அவிழ்த்தான். உள்ளே துணி இல்லை. மஞ்சள் பூப்போட்ட சின்னச் சட்டை ஒன்று, தைத்து முடித்தது.

"ஆர் தச்ச?" என்றார் மச்சான்.

"காரைதீவில ஒருத்தர். சைக்கிளப் போட்டுட்டு ஓடக்குள்ள படலையத் தொறந்து உள்ளுக்கு இழுத்துப்போட்டார். பார்சலக் கண்டதும் எந்தக் கடை எண்டு கண்டுபுடிச்சிட்டார், கிழிச்ச ஓரத்தப் பாத்தே. ரெண்டு நாள் ஊரடங்கு. அவருக்கு வேலையில்ல, எனக்கு வழியில்ல." சட்டையைத் தடவினான். "கை ஊசியாலதான். மெசின் இஞ்சதான் இரிக்காம், தூசு தட்டச் சொன்னார்."

மச்சான் இரண்டு அடி வைத்து, வாங்க வருகிறவர்களுக்கான ஸ்டூலில் போய் இருந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தரம். ஹாஜியார் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார். அப்போதிக்கரியின் துண்டு அங்கே இன்னும் இருந்ததோ என்னவோ.

அன்றிலிருந்து மச்சான் முன்னுக்கு வந்தார். ஸ்டூலும் மேசைக்கு உள்பக்கம் வந்தது. வேலை நேரம் எட்டிலிருந்து இரண்டு மணிவரை. அவருக்காக இல்லை. இரண்டு மணிக்கு மேல் கல்முனையில் எவரும் கடை திறக்கத் துணியவில்லை. முழு பஸாருமே அரைநாள் ஆகிவிட்டது. காலையில் போகும்போது வேலிக் கதவில் நின்று போய்ட்டு வாறன் என்று சொல்லத் தொடங்கினார். ராத்தா அதற்குப் பிறகும் நடக்கத்தான் செய்தாள், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

கரியர் ஆணியிலிருந்து இறங்கியது. முதல் நாள் பகல் நான் கொண்டுபோனேன். ஹாஜியார் தொழப் போயிருந்தார். கடையில் நாங்கள் இரண்டு பேர். மச்சான் ஸ்டூலில் இருந்துகொண்டு மேல் தட்டைத் திறந்தார்.

"என்ன இது, முழு முட்டை?"

"பசிக்கல்ல" என்றேன்.

"பதிமூணு வயசில இருந்து பாதி தின்னுறவனுக்குப் பசிக்கல்ல." முட்டையைக் கையாலேயே கிழித்தார். நேர்பாதி. ஒன்றைக் கரியர் மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். "மசூர்ட்டப் போனியாமே."

"ஆர் சொன்ன?"

"அவன்தான். காரைதீவுக்குள்ளால தனியப் போயிருக்காய். உன்ட ராத்தாவுக்குத் தெரிஞ்சா கால முறிப்பா. நான் சொல்லல்ல." ஒரு வாய் சோறு தின்றார். "இன்னொண்டும் சொன்னான். அவன் ஒருத்தரிட்டயும் வாயே தொறக்கல்லயாம்."

நான் முட்டையைக் கரியர் மூடியில் திரும்ப வைத்தேன்.

மச்சான் இடக்கையை மேசையில் வைத்தார். மூன்று விரலை ஒவ்வொன்றாக நீட்டினார், துணிக்கு யார் கணக்குப் பார்க்கிற மாதிரி. "அண்டைக்குக் கடையில மூணு பேர். மசூர் சொல்லல்ல." ஒரு விரல் மடிந்தது. "நான் சொல்லல்ல." இன்னொரு விரல் மடிந்தது.

நின்ற விரலை நான் பார்த்தேன். தேத்தண்ணிக் கடை ஞாபகம் வந்தது. அங்கே நான் அவருடைய குரலிலேயே மறுகா வாங்க சொல்லிக் காட்டினதும், மசூர் படியில் நின்ற மாதிரி நின்று காட்டினதும், வாங்கில் உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரித்ததும். ஒரு பகிடி. இரண்டு நிமிஷம்கூட இல்லை.

"மச்சான்..."

"தின். ஆறப்போகுது."

தின்றேன். அவரும் தின்றார். கரியரைக் கழுவி அடுக்கித் தந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மெசினைக் கடந்து படியில் கால் வைத்தேன்.

"ஜவுபர்."

திரும்பினேன். மச்சான் ஸ்டூலில் இருந்து எழும்பி, இரண்டு கையையும் மேசையில் வைத்து, என்னை மேலிருந்து கீழாக ஒரு தரம் அளந்தார். பிறகு, பத்தொன்பது வருஷப் பழக்கத்தின் முழு இனிமையோடும் சொன்னார்:

"மறுகா வாங்க."